ஐரோப்பிய மொழிகளில் புகைப்படக்காரருக்கு என்ன பெயர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பாவில் குடியிருப்பவர்கள், படிக்கவோ வேலைக்கோ போகிறவர்கள், கல்யாணத்துக்குப் படம் எடுக்க ஆள் தேடுகிறவர்கள், சும்மா சொற்களின் மேல் ஆசை கொண்டவர்கள் எனப் பலருக்கும் வரும் கேள்விகள் இவை. அயல்மொழி ஒலிகளைத் தமிழ் எழுத்தில் ஓரளவுக்குத்தான் காட்ட முடியும். உச்சரிப்பை அந்த மொழிக்காரர் வாயால் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே போனாலும் 'ஃபோட்டோகிராஃபர்' என்றால் புரிந்துவிடாதா?

பெரும்பாலும் புரிந்துவிடும். ஜெர்மன், ஸ்வீடிஷ், டேனிஷ், நார்வேஜியன், போலிஷ், செக், ஸ்லோவாக், குரோவேஷியன், செர்பியன், ருமேனியன், அல்பேனியன், ரஷ்யன், பல்கேரியன் இவை எல்லாவற்றிலும் சொல் 'ஃபோட்டோகிராஃப்' என்பதுதான். டச்சுக்காரர்கள் நடுவில் வரும் 'க'வைத் தொண்டையிலிருந்து உரசிக்கொண்டு சொல்வார்கள். இத்தாலியனில் ஃபோட்டோகிராஃபோ, ஸ்பானிஷிலும் போர்ச்சுகீஸிலும் ஃபோட்டோகிராஃபோ, கட்டலானில் ஃபோட்டோகிராஃப், லிதுவேனியனில் ஃபோட்டோகிராஃபஸ், லாட்வியனில் ஃபோட்டோகிராஃப்ஸ், மால்டாவில் ஃபோட்டோகிராஃபு. வால்தான் மாறுகிறது, உடம்பு ஒன்றே.

ஆனால் இந்த ஒற்றுமையை நம்பி நடந்தால் ஓரிடத்தில் சறுக்கும். அடுத்த கேள்வி அதைப் பற்றித்தான்.

'ஃபோட்டோகிராஃப்' என்றால் படம்தானே? அது எப்படி ஆளைக் குறிக்கும்?

ஆங்கிலம் வழியாக வருகிற நம் எல்லோரையும் மடக்குகிற இடம் இது. ஆங்கிலத்தில் 'ஃபோட்டோகிராஃப்' படம், 'ஃபோட்டோகிராஃபர்' ஆள். கடல் தாண்டி ஐரோப்பியப் பெருநிலத்துக்குள் நுழைந்ததும் கதை தலைகீழ். பாரிஸிலும் பெர்லினிலும் வார்சாவிலும் மாஸ்கோவிலும் 'ஃபோட்டோகிராஃப்' என்றால் கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிற மனிதர். படத்துக்கு வேறு சொல்: பிரெஞ்சில் ஃபோட்டோகிராஃபி, பேச்சில் ஃபோட்டோ, ஸ்வீடிஷில் ஃபோட்டோகிராஃபி, போலிஷில் ஃபோட்டோகிராஃபியா, அன்றாடப் பேச்சில் ஸ்த்யென்ச்யே, ரஷ்யனில் ஃபோட்டோகிராஃபியா, அல்லது ஸ்னீமக்.

ஜெர்மனியில் ஒரு அலுவலகத்தில் போய் "என் ஃபோட்டோகிராஃபைக் கொண்டுவந்திருக்கிறேன்" என்று சொன்னால், எதிரில் இருப்பவர் உங்கள் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்ப்பார். அங்கே பேச்சில் படம் என்றால் 'ஃபோட்டோ'.

விதிவிலக்கும் உண்டு. துருக்கியில் 'ஃபோட்டோராஃப்' என்பது படம். அதோடு 'ச்சி' என்ற தொழில் விகுதியைச் சேர்த்து ஃபோட்டோராஃப்ச்சி ஆக்கினால் ஆள். ஐரிஷ் மொழியிலும் அதே வழக்கம்: கிரியன்கிராஃப் என்றால் படம், கிரியன்கிராஃபதோர் என்றால் எடுப்பவர்.

அப்படியானால் ஆங்கிலம் மட்டும் ஏன் கடைசியில் 'அர்' போடுகிறது?

கிரேக்கத்தில் '-கிராஃபோஸ்' என்று முடியும் சொற்கள் அந்தக் காலத்திலிருந்தே செய்பவரைக் குறிப்பவை. ஓவியர் ஸோகிராஃபோஸ், நிலத்தைப் பற்றி எழுதுபவர் கெயோகிராஃபோஸ். பிரெஞ்சும் ஜெர்மனும் அந்த மரபை அப்படியே பிடித்துக்கொண்டு வாலை மட்டும் வெட்டிவிட்டன. ஆங்கிலமோ புவியியலாளருக்கும் வாழ்க்கை வரலாற்றாசிரியருக்கும் ஏற்கெனவே 'அர்' சேர்த்துப் பழகிவிட்டது. அங்கே '-கிராஃப்' என்ற வால் பொருளுக்கோ கருவிக்கோ ஒதுக்கப்பட்டுவிட்டது: ஆட்டோகிராஃப், டெலிகிராஃப். எனவே புதிய கலை வந்தபோது படம் ஒரு பெயரையும் ஆள் ஒரு பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் 'ஃபோட்டோகிராஃபிஸ்ட்' என்றும் சிலர் எழுதிப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. பிரெஞ்சுக்காரர் டாகர் கண்டுபிடித்த முறையில் வெள்ளித்தகட்டில் படம் எடுத்தவர்களுக்கு அந்தக் காலத்தில் தனிப்பெயரே இருந்தது. பிரெஞ்சில் டாகெரியோட்டிப்பர், ஜெர்மனில் டாகெரோடிப்பிஸ்ட். அந்த முறை போனதும் பெயரும் போய்விட்டது.

இந்தச் சொல்லை உருவாக்கியது யார்?

ஒரே ஒருவர் பெயரைச் சொல்லிவிட முடியாது. 1839 ஜனவரி 7 அன்று பாரிஸில் அறிவியலாளர் அராகோ, டாகரின் கண்டுபிடிப்பை அறிவியல் கழகத்தில் அறிவித்தார். அந்த ஆண்டு முழுக்க எல்லோரும் இந்தப் புதுப் பொருளுக்கு ஒரு பெயர் தேடிக்கொண்டிருந்தார்கள். 1839 பிப்ரவரி 25 அன்று பெர்லினின் ஃபோஸ்ஸிஷே செய்தித்தாளில் வானியலாளர் மெட்லர் 'ஃபோட்டோகிராஃபி' என்று எழுதினார். மார்ச் 14 அன்று லண்டன் ராயல் சொசைட்டியில் ஆங்கில வானியலாளர் ஜான் ஹெர்ஷல் படித்த கட்டுரையிலும் அதே சொல் வந்தது. ஹெர்ஷலின் பெயருக்கு அன்றே எடை இருந்ததால் புகழ் பெரும்பாலும் அவர் கணக்கில் போய்ச் சேர்ந்தது.

ஆனால் இந்த இருவருக்கும் முன்னால், 1834 வாக்கிலேயே பிரேசிலில் ஒருவர் தன் குறிப்பேட்டில் இதே சொல்லைப் பிரெஞ்சில் எழுதிவைத்திருந்தார். எர்க்யூல் ஃப்ளோரன்ஸ், நீஸ் நகரில் பிறந்து கம்பினாஸ் ஊரில் குடியேறியவர். ஐரோப்பாவுக்குச் சேதி எட்டாத தொலைவில் இருந்ததால், பிரேசில் ஆய்வாளர்கள் 1970களில் அந்தக் குறிப்புகளைத் துருவி எடுக்கும் வரை யாரும் அவரைக் கண்டுகொள்ளவில்லை.

மற்றப் பெயர்களும் போட்டியில் இருந்தன. டாகருக்கு முன்பே பிரான்ஸில் படம் பதித்த நியெப்ஸ் தன் முறையை எலியோகிராஃபி, அதாவது சூரிய வரைவு என்றார். இங்கிலாந்தில் தாளில் படம் பதித்த டால்பட் முதலில் நிழல் வரைவு என்ற பொருளில் ஒரு கிரேக்கப் பெயரை நினைத்திருந்தார். அப்புறம் 'ஒளி பிறப்பிக்கும் வரைபடம்' என்றார். இவற்றில் எது நின்றிருந்தாலும் இன்று ஐரோப்பா முழுவதும் கடைப்பலகைகள் வேறு மாதிரி இருந்திருக்கும்.

சொல்லின் வேர் கிரேக்கம் என்பதால் கிரேக்கர்களிடமிருந்துதான் பரவியதா?

இல்லை, இதில்தான் வேடிக்கை. ஒளிக்குக் கிரேக்கத்தில் ஃபோஸ், வேற்றுமை ஏற்கும்போது ஃபோட்டோஸ். கிராஃபோ என்றால் எழுதுகிறேன், வரைகிறேன். செங்கல் இரண்டும் கிரேக்கம், கட்டியவர்கள் பெர்லின்காரரும் லண்டன்காரரும். கட்டி முடித்த வீடு பிறகு ஏதென்ஸுக்கு வந்துசேர்ந்தது. அங்கே படம் எடுப்பவர் ஃபொட்டொகிராஃபொஸ். அழுத்தம் 'கிரா'வின் மேல் விழும். ஏதென்ஸில் முதல் ஸ்டுடியோ வைத்தவர் என்று சொல்லப்படும் ஃபிலிப்போஸ் மார்கரிட்டிஸ் ஓவியராக இருந்து இந்தத் தொழிலுக்கு வந்தவர்.

கிரேக்கத்தை ஒட்டாமல் தனக்கென்று சொல் வைத்திருக்கும் மொழிகள் எவை?

இதைத்தான் எனக்கு விரிவாகச் சொல்லப் பிடிக்கும். வரைபடத்தை விரித்துவைத்துப் பார்த்தால் இவை பெரும்பாலும் கண்டத்தின் ஓரங்களில் இருக்கின்றன. பெரிய மொழிகளின் நிழலில் வாழ்ந்து, தன் அடையாளத்தைச் சொற்களில் காப்பாற்றிக்கொண்ட மொழிகள்.

ஐஸ்லாந்திக்: லியோஸ்மிந்தரி. லியோஸ் ஒளி, மிந்த் படம், 'அரி' செய்பவரைக் காட்டும் விகுதி. ஆசிரியர் கென்னரி, ரொட்டி சுடுபவர் பக்கரி என்பது போல. ஐஸ்லாந்துக்காரர்கள் அயல்சொல்லை அப்படியே விழுங்க மாட்டார்கள், எதற்கும் சொந்தச் சரக்கில் சொல் செய்வார்கள். கிழக்குக் கரையில் தெய்கார்ஹோர்ன் பண்ணையில் படம் எடுத்துவந்த நிக்கோலினா வெய்வாட் கோபன்ஹேகனில் தொழில் கற்றுவந்தவர், அந்நாட்டின் முதல் பெண் ஒளிப்படக்காரர். ரெய்க்யவிக்கில் நகர ஒளிப்பட அருங்காட்சியகத்தின் பெயர்ப்பலகையிலேயே லியோஸ்மிந்த் என்ற சொல் இருப்பதைப் பார்க்கலாம்.

ஃபின்னிஷ்: வலொகுவாயா. வலொ ஒளி, குவா படம். அதிலிருந்து 'ஒளிப்படமாக்கு' என்ற வினை, அந்த வினையோடு 'யா' என்ற விகுதி. பாடுபவர் லவுலாயா, கற்பிப்பவர் ஒபெத்தாயா எனப் பல தொழில்களுக்கும் இதே 'யா'. பேச்சில் ஒளியை விட்டுவிட்டு வெறும் குவாயா என்பார்கள். 1907 முதல் 1913 வரை ஹெல்சிங்கியின் மரவீடுகளையும் தெருக்களையும் நகராட்சிக்காகப் படமெடுத்த சிக்னே பிராண்டர் இந்தச் சொல்லுக்கு உரியவர்களில் முக்கியமானவர். இடிக்கப்படுவதற்கு முன்பு அந்த வீடுகள் எப்படி இருந்தன என்பதை இன்று அவர் கண்ணால்தான் பார்க்கிறோம்.

எஸ்டோனியன்: ஃபின்னிஷுக்கு உறவு மொழி, ஆனால் வேறு வழி. இன்றைய பொதுச்சொல் ஃபோட்டோகிராஃப்தான். பழைய சொல் பேவபில்ட்னிக். பேவ் என்றால் பகல்; பழைய வழக்கில் சூரியனும் அதுவே. பில்ட் படம். 'நிக்' எழுத்தாளருக்கும் ஓவியருக்கும் வரும் விகுதி. ஆக, பகற்படக்காரர். மின்விளக்கு இல்லாத காலத்தில் கண்ணாடிக்கூரை வேய்ந்த அறையில் வெயிலை நம்பித் தொழில் நடத்தியவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. முதல் எஸ்டோனியத் திரைப்படங்களை எடுத்த யோஹன்னஸ் பேசுக்கெ அடிப்படையில் ஒரு பேவபில்ட்னிக். ஊர் ஊராகப் போய்க் கிராம வாழ்க்கையைப் பதிந்தவர், 1918இல் 25 வயதிலேயே இறந்துபோனார். இந்தப் பட்டியலில் ஒரு சொல்லுக்குப் பரிசு கொடுக்கச் சொன்னால் நான் பேவபில்ட்னிக்குக்குத்தான் கொடுப்பேன்.

ஹங்கேரியன்: ஃபேஞ்கேபேஸ். ஃபேஞ் ஒளி, கேப் படம், 'ஏஸ்' தொழில் விகுதி. நடிகர் ஸீனேஸ், இசைக்கலைஞர் ஸெனேஸ். 19ஆம் நூற்றாண்டில் ஹங்கேரியில் மொழிச் சீர்திருத்த இயக்கம் நடந்தபோது இந்த விகுதியை வைத்துச் சரமாரியாகத் தொழிற்பெயர்கள் செய்தார்கள். உலகத்துக்குக் கெர்தேஸ், பிரசாய், கப்பா, முன்காச்சி என்று வரிசையாக ஆட்களைக் கொடுத்த நாடு. அவர்களில் பலர் வெளிநாடு போய்ப் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் புகழ்பெற்றார்கள். பிரசாய் என்பதே அவர் பிறந்த பிரஷ்ஷோ ஊரின் பெயரிலிருந்து வந்த புனைபெயர்.

பாஸ்க்: அர்கஸ்கிலாரி. அர்கி என்றால் ஒளி. 'லாரி' என்ற விகுதியை மேடையில் உடனுக்குடன் பாட்டுக் கட்டுகிற பெர்ட்சொலாரி என்ற சொல்லிலும் காணலாம்.

ஐரிஷ்: மேலே சொன்ன கிரியன்கிராஃபதோர். கிரியன் என்றால் சூரியன். பாதி அயர்லாந்து, பாதி கிரீஸ். வருடத்தில் பாதி நாள் மேகம் மூடிய தேசம் சூரியனைப் போய்ப் பெயரில் வைத்திருப்பது ஒரு துணிச்சல்தான்.

பிரெத்தோன், வடமேற்குப் பிரான்ஸில் பேசப்படும் கெல்ட் மொழி: லுஹ்ஸ்கெதென்னெர். மினுக்கொளி, உருவம், செய்பவர் என்று மூன்று துண்டு. பள்ளியில் படித்தவர்கள் சொல்வார்கள். சந்தையில் பெரும்பாலும் பிரெஞ்சுச் சொல்தான் காதில் விழும்.

ஐரோப்பாவின் விளிம்பில் ஆர்மீனியன்: லுசன்கரிச். லுய்ஸ் ஒளி, நகார் படம். இஸ்தான்புல்லில் ஒட்டோமன் சுல்தான்களுக்குப் படம் எடுத்த அப்துல்லா சகோதரர்கள் ஆர்மீனியர்கள். 1941இல் சர்ச்சிலின் முறைத்த முகத்தைப் பதிந்த யூசுஃப் கார்ஷும் ஆர்மீனியரே. அந்தச் சமூகத்தில் இந்தத் தொழிலுக்கு அப்படி ஒரு செல்வாக்கு.

ரஷ்யர்களும் சொந்தச் சொல் வைத்திருந்தார்களாமே?

வைத்திருந்தார்கள். ஸ்வேதோபிஸ், ஒளியெழுத்து. கிரேக்கச் சொல்லின் துண்டுக்குத் துண்டு மொழிபெயர்ப்பு. 1849இல் செர்கேய் லெவித்ஸ்கி பீட்டர்ஸ்பர்க்கில் ஸ்டுடியோ திறந்தபோது அதற்கு இட்ட பெயரே ஸ்வேதோபிஸ். டால்ஸ்டாயும் துர்கேனிவும் ஒரே சட்டத்துக்குள் அமர்ந்திருக்கும் 1856ஆம் ஆண்டுக் குழுப்படம் அவர் எடுத்தது. அந்தச் சொல் இன்று கவித்துவமான வழக்காக மட்டுமே மிஞ்சியிருக்கிறது. உக்ரேனியனில் நிலைமை வேறு. ஆளுக்கு ஃபோட்டோகிராஃப் என்றாலும், படத்துக்கு ஒளியைக் குறிக்கும் வேரிலிருந்து வந்த ஸ்வித்லினா என்ற சொல் இன்று பத்திரிகைகளில் தாராளமாகப் புழங்குகிறது.

ஜெர்மனில் 'லிஷ்ட்பில்ட்னர்' என்று ஒரு சொல் கேள்விப்பட்டேன். யாராவது சொல்கிறார்களா?

பேச்சில் சொன்னால் சிரிப்பார்கள். சட்டத்தில் சொன்னால் எழுந்து நிற்பார்கள். லிஷ்ட்பில்ட் என்றால் ஒளிப்படம். 1965ஆம் ஆண்டு ஜெர்மன் பதிப்புரிமைச் சட்டத்தின் 72ஆம் பிரிவில், உரிமை 'லிஷ்ட்பில்ட்னரை'ச் சேரும் என்று இன்றும் அச்சாகியிருக்கிறது. அந்தச் சட்டம் படங்களை இரண்டாகப் பிரிக்கிறது. படைப்புத் தரம் உள்ளது லிஷ்ட்பில்ட்வெர்க், எடுத்தவர் இறந்து 70 ஆண்டுவரை காப்பு. சாதாரண லிஷ்ட்பில்டுக்கு வெளியானதிலிருந்து 50 ஆண்டு. ஆக ஒரு சொல்லின் வாலில் 'வெர்க்' இருக்கிறதா இல்லையா என்பதில் பணம் அடங்கியிருக்கிறது.

ஆஸ்திரியாவில் படம் ஒட்டிய அடையாள அட்டைக்கு லிஷ்ட்பில்டௌஸ்வைஸ் என்று பெயர். விண்ணப்பங்களில் இந்தச் சொல்லைப் பார்த்துத் திகைக்க வேண்டாம், கேட்பது படம் உள்ள உங்கள் அடையாள அட்டையைத்தான்.

இன்னொன்று. ஜெர்மனியில் ஃபோட்டோகிராஃப் என்பது ஒரு கைத்தொழில். 2004 வரை சொந்தமாகக் கடை வைக்க மாஸ்டர் சான்றிதழ் வேண்டும். முடிதிருத்துபவருக்கு இன்றும் வேண்டும் என்பது போல. அந்தக் கட்டுப்பாடு போனபின் யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். பழைய தலைமுறை மாஸ்டர்கள் அதைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள்.

படம் எடுப்பவர் பெண்ணாக இருந்தால்?

மொழிக்கு மொழி வழக்கு வேறு. கெர்டா டாரோவை வைத்துப் பார்த்தால் எளிதாக விளங்கும். 1910இல் ஷ்டுட்கார்ட்டில் பிறந்தவர். யூதக் குடும்பம். நாஜிகளிடமிருந்து தப்பி பாரிஸ் போனார். அங்கே தன் காதலரான ஹங்கேரிக்காரர் எண்ட்ரெ ஃபிரீட்மனோடு சேர்ந்து, 'ராபர்ட் கப்பா' என்ற இல்லாத அமெரிக்கப் புகைப்படக்காரரைக் கற்பனை செய்து, அந்தப் பெயரில் இருவர் படங்களையும் விற்றார். பிறகு அந்தப் பெயர் ஃபிரீட்மனுக்கே நிலைத்துவிட்டது; மேலே சொன்ன கப்பா அவர்தான். 1937 ஜூலையில் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் புருனெட்டே அருகே படுகாயமடைந்து இறந்தார்.

அவர் பிறந்த மொழியில் அவர் ஃபோட்டோகிராஃபின். பெண்பாலுக்கு 'இன்' கட்டாயம். வேலை விளம்பரங்களில் இன்று இரண்டு வடிவையும் சேர்த்து, நடுவில் நட்சத்திரக் குறி போட்டு எழுதுவதும் உண்டு, அதைத் திட்டுவதும் உண்டு. பிழைத்த மொழியில் அவர் ஃபோட்டோகிராஃப். பிரெஞ்சில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சொல் மாறாது, முன்னால் வரும் 'அன்' மட்டும் 'யுன்' ஆகும். உயிர்விட்ட மண்ணின் மொழியில் ஃபோட்டோகிராஃபா. காதலரின் மொழியான ஹங்கேரியனில் பால் வேறுபாடே கிடையாது. 'அவன்', 'அவள்' இரண்டுக்கும் ஒரே சொல் உள்ள மொழி அது. ஃபின்னிஷும் எஸ்டோனியனும் அப்படியே.

செக், ஸ்லோவாக், போலிஷ் மூன்றிலும் ஃபோட்டோகிராஃப்கா. செக்கில் அது இயல்பான சொல். போலந்தில் தொழிற்பெயர்களின் பெண்பால் வடிவம் பற்றி ஓயாத வாக்குவாதம் உண்டு, சில பெண்களே ஆண்பால் வடிவத்தை விரும்புகிறார்கள். ஸ்லோவீனில் ஃபோட்டோகிராஃபின்யா, குரோவேஷியனில் ஃபோட்டோகிராஃப்கின்யா. கிரேக்கத்தில் சொல் மாறாது, முன்னால் வரும் சிறுசொல் மாறும். ரஷ்யனில் பெயர் ஆண்பாலாகவே நிற்கும், பின்னால் வரும் வினை பெண்பாலாகும். 'ஃபோட்டோகிராஃப் வந்தாள்' என்று நாம் சொல்வது போலத்தான். ஸ்வீடனில் எல்லோரும் ஃபோட்டோகிராஃப்.

கல்யாணத்துக்கு எடுப்பவரும் கலைக்கண்காட்சி வைப்பவரும் ஒரே பெயரா?

பல மொழிகளில் இல்லை. நேரில் பேசும்போது இது முக்கியம், தப்பான சொல் போட்டால் சிலருக்கு முகம் சுருங்கும்.

போலந்தில் ஃபோட்டோகிராஃப் என்பது தொழில்காரர். கலைஞருக்கு ஃபோட்டோகிராஃபிக். 1920களில் வில்னாவில் (இன்றைய வில்னியஸ்) இருந்த ஒளிப்படக் கலைஞர் யான் புல்ஹாக், கலைப்படத்தைத் தொழிற்படத்திலிருந்து பிரித்துக் காட்ட ஃபோட்டோகிராஃபிகா என்ற சொல்லை உருவாக்கினார். அவர் வழியில் 1947இல் தொடங்கிய போலந்துக் கலைஞர்கள் சங்கத்தின் பெயரில் இன்றும் அந்த 'இக்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. சங்கத்தில் உறுப்பினராவதற்குத் தேர்வுக் குழு உண்டு என்பதால், அந்த ஓரசைக்கு ஒரு கௌரவம். வெளியார் காதுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கும்.

ஹங்கேரியில் மூன்று படி. கடை வைத்திருப்பவர் ஃபேஞ்கேபேஸ், பத்திரிகையிலும் பொதுப்பேச்சிலும் ஃபோட்டோஷ், காட்சிக்கூடத்தில் ஃபோட்டோமுவேஸ். துருக்கியிலும் இதே பிளவு: ஃபோட்டோராஃப்ச்சி கடைக்காரர், கலைஞருக்கு வேறு அடைமொழி. ஆனால் இஸ்தான்புல்லின் பெருமைக்குரிய ஆரா கூலர் கலைஞர் என்ற பட்டத்தையே ஒதுக்கிவிட்டு, தன்னைப் பத்திரிகைப் படக்காரர் என்றே சொல்லிக்கொண்டார்.

ஸ்பெயினில் தனிச்சொல் இல்லை, கிண்டல் இருக்கிறது. கல்யாணம், ஞானஸ்நானம், முதல் நற்கருணை மூன்றுக்கும் ஸ்பானிஷில் முதலெழுத்து பி, பி, சி. அதனால் இந்த வேலைகளை வைத்துப் பிழைப்பவரை 'பிபிசி ஃபோட்டோகிராஃபர்' என்பார்கள். லண்டன் செய்தி நிறுவனத்தில் வேலை என்று நினைத்துவிடாதீர்கள்.

பூங்காக்களில் பெட்டி கேமரா வைத்திருந்தவர்களுக்குத் தனிப்பெயர் உண்டா?

உண்டு. ஸ்பெயினில் மினுத்தேரோ, நிமிடக்காரர். போர்ச்சுகலில் 'அ லா மினுட்டா' ஃபோட்டோகிராஃபோ. நிமிடத்தில் படம் தருபவர் என்பதே இரண்டுக்கும் பொருள். முக்காலியின் மேல் ஒரு மரப்பெட்டி. பெட்டிதான் கேமரா, பெட்டிதான் இருட்டறை. பின்பக்கம் துணியால் ஆன சட்டைக்கை ஒன்று தொங்கும். அதற்குள் கையை விட்டு, உள்ளே பார்க்காமலே தாளை எடுத்து வைத்து, மூடியைத் திறந்து மூடி ஒளி காட்டி, உள்ளேயே இரண்டு சிறு தட்டுகளில் ரசாயனத்தில் முக்குவார். வெளியே வருவது தாளில் பதிந்த நெகட்டிவ். அதை லென்ஸுக்கு எதிரே ஒரு கட்டையில் குத்தி, அதையே மறுபடி படம் எடுப்பார். நெகட்டிவின் நெகட்டிவ், அதாவது சரியான படம். முக்காலியில் தொங்கும் வாளித் தண்ணீரில் அலசி ஈரத்தோடு கையில் கொடுத்துவிடுவார். சில பெட்டிகளின் பக்கவாட்டில் மாதிரிப் படங்களை வரிசையாக ஒட்டியிருப்பார்கள், அதுதான் விளம்பரம். உடனடி கேமராவும் சாவடி இயந்திரமும் வந்தபின் இந்தத் தொழில் சுருங்கிப்போயிற்று. இப்போது சில நகரங்களில் இளைஞர்கள் ஆசைக்காக மீண்டும் எடுத்துச் செய்கிறார்கள்.

உச்சரிப்பில் எங்கே அழுத்த வேண்டும்?

எழுத்தில் ஒன்றாக இருக்கும் சொல் வாயில் மாறுவது இங்கேதான். ஜெர்மன், ஸ்வீடிஷ், பிரெஞ்சில் கடைசி அசை ஓங்கும்: ஃபோட்டோ-கிராஃப். ரஷ்யன், ஸ்பானிஷ், இத்தாலியனில் நடுவில் 'ட்டோ' ஓங்கும். ரஷ்யர்கள் முதல் 'ஃபோ'வை 'ஃப' என்று தேய்த்துவிடுவார்கள். செக், ஹங்கேரியன், ஃபின்னிஷ், ஐஸ்லாந்திக் எல்லாம் எப்போதும் முதல் அசைக்காரர்கள்.

ஸ்பானிஷில் இடம் தவறினால் பொருளே மாறும். 'ட்டோ'வை அழுத்தினால் புகைப்படக்காரர், 'கிரா'வை அழுத்தினால் 'நான் படம் எடுக்கிறேன்'. அதனால்தான் எழுத்தில் பெயர்ச்சொல்லுக்கு மட்டும் மேலே ஒரு கோடு போடுகிறார்கள். இத்தாலியனில் அந்தச் சிக்கல் இல்லை; ஆளுக்கும் வினைக்கும் ஒரே உச்சரிப்பு, இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

சினிமா ஒளிப்பதிவாளருக்கும் இதே சொல்லா?

ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் ஆம். ஸ்வீடன் இயக்குநர் பெர்க்மனின் படங்களுக்கு ஒளியமைத்து இரண்டு ஆஸ்கர் வாங்கிய ஸ்வென் நிக்விஸ்ட் தன் மொழியில் ஒரு ஃபோட்டோகிராஃப். தேவைப்பட்டால் முன்னால் 'ஃபில்ம்' சேர்ப்பார்கள். போலந்திலும் ரஷ்யாவிலும் 'ஒபெரட்டோர்' என்பார்கள். நம் ஊரில் ஜெனரேட்டர் ஓட்டுபவரைச் சொல்வதாக நினைக்க வேண்டாம்.

பாப்பராட்சி என்பதும் புகைப்படக்காரர்தானே?

அது இத்தாலியன் பன்மை. ஒருவர் என்றால் பாப்பராட்ஸோ. ஃபெல்லினியின் 1960ஆம் ஆண்டுப் படமான 'லா டோல்ச்சே வீட்டா'வில் நட்சத்திரங்களைத் துரத்தும் கதாபாத்திரத்தின் பெயர் அது. பாத்திரப்பெயர் தொழிற்பெயராகி உலகம் சுற்றிவந்துவிட்டது. இத்தாலிக்கு வெளியே பல மொழிகளில் ஒற்றை ஆளையும் பன்மையிலேயே சொல்கிறார்கள். இத்தாலியரிடம் மட்டும் கொஞ்சம் கவனம்.

படம் 'எடுப்பது' என்கிறோமே, அவர்களும் எடுக்கிறார்களா?

பிரெஞ்சில் எடுக்கிறார்கள், பேச்சு ஜெர்மனிலும் இத்தாலியனிலும் 'செய்கிறார்கள்', போலிஷிலும் செய்கிறார்கள். போர்ச்சுகீஸில் வெளியே எடுக்கிறார்கள். வேல்ஸில் இழுக்கிறார்கள்: தன்னி லின், படத்தை இழு. கோடு இழுப்பது என்ற பழைய பொருளிலிருந்து வந்தது அது. போலிஷ் ஸ்த்யென்ச்யே, ரஷ்யன் ஸ்னீமக், பல்கேரியன் ஸ்னிம்கா மூன்றும் 'கழற்றி எடுத்தது' என்ற பொருள் கொண்டவை. தொப்பியைக் கழற்றுவதற்கும் அதே வினை. நம் 'படம் பிடிப்பது' போல வேட்டை வாடை அடிக்கும் வினையை அன்றாடப் பேச்சில் நான் அங்கே கண்டதில்லை.

நம் தமிழ்ச் சொற்களுக்கு நெருக்கமான மொழி எது?

ஒளிப்படக்காரர் என்று எழுதிவிட்டு அடியில் லியோஸ்மிந்தரி என்று எழுதுங்கள். ஒளி, படம், காரர்; துண்டுக்குத் துண்டு பொருந்தும். ஃபின்னிஷும் ஹங்கேரியனும் ஆர்மீனியனும் கிட்டத்தட்ட அப்படியே. விகுதி ஒட்டும் மொழிகள் ஒரே வழியில் யோசித்திருக்கின்றன. நிழற்படம் என்ற சொல்லுக்கும் துணை உண்டு. டால்பட் தன் 1839 கட்டுரையில் ஒரு பகுதிக்கு 'நிழலை நிலைநிறுத்தும் கலை' என்றே தலைப்பிட்டார். புகைப்படத்துக்குத்தான் கூட்டாளி இல்லை. புகையை வைத்துப் பெயரிட்ட ஐரோப்பிய மொழி எதையும் நான் பார்த்ததில்லை.

பாஸ்போர்ட் படம் எடுக்கக் கடை தேடுகிறேன். பலகையில் எதைப் பார்க்க வேண்டும்?

ஆளின் பெயரைத் தேடாதீர்கள், பொருளின் பெயரைத் தேடுங்கள். ஜெர்மனியில் 'பாஸ்பில்டர்', பிரான்ஸில் 'ஃபோட்டோ தித்தாந்தித்தே', இத்தாலியில் 'ஃபோட்டோதெஸ்ஸெரா', ஸ்பெயினில் 'ஃபோட்டோ கார்னே'. அளவு பெரும்பாலும் 35க்கு 45 மில்லிமீட்டர். ஸ்பெயினின் சொந்த அடையாள அட்டைக்கு அளவு வேறு என்பதால் எதற்கு வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஸ்வீடனில் அந்நாட்டுப் பாஸ்போர்ட்டுக்குக் காவல் நிலையத்துக் கவுண்டரிலேயே படம் எடுத்துக்கொள்வார்கள். ஃபின்லாந்தில் வலொகுவாயா எடுத்த படத்தைக் கணினி வழியாக நேரே காவல்துறைக்கு அனுப்பிவிடலாம். ஜெர்மனியில் அந்நாட்டுப் பாஸ்போர்ட்டுக்கும் அடையாள அட்டைக்கும் 2025 மே முதல் தாளில் அச்சிட்ட படத்தை வாங்குவதில்லை என்பதால், கடைக்குள் நுழைந்ததும் டிஜிட்டலாக அனுப்புகிற வசதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு நாற்காலியில் உட்காருங்கள்.